நான்கு நிமிடத் தீவு

3 ஆகஸ்ட் 1990, வெள்ளி

வெயில். காற்றே இல்லை. குழாயில் ஆறு மணிக்குத் தண்ணீர் வந்தது, ஆறே காலுக்கு நின்றது. மன்னார்குடி நகராட்சியில் முப்பத்தோரு வருடம் சானிட்டரி இன்ஸ்பெக்டராக இருந்தவன் வீட்டுக்கே இந்த லட்சணம்.

குவைத்துக்குள் ஈராக் படை புகுந்துவிட்டதாம். நேற்றிலிருந்து ரேடியோவில் அதுதான். என் ஒரே பையன் இளவழகன் அங்கே ஏ.சி. மெக்கானிக். மருந்துக்கடை ஹாஜா மைதீனின் தம்பி ஜமாலும் அவனும் ஒரே அறை. ஹாஜா கடையில் போன் இருக்கிறது. மூன்று முறை போய்வந்தேன். லைன் கிடைக்கவில்லை. பயப்படும்படி ஒன்றும் இருக்காது.

மருமகளிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் பிரச்சினை. மங்கையர்க்கரசி இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. நானும் அவளும் நேருக்கு நேர் பேசியதில்லை. எங்கள் பக்கத்து வழக்கம் அது. மாமனார் முன்னால் அவள் உட்காரவும் மாட்டாள். என் மனைவி சௌந்தரம் இருந்தவரை இவள் சொன்னதை என்னிடமும் நான் சொன்னதை இவளிடமும் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். சௌந்தரம் போய் ஒரு வருடம் முடிந்துவிட்டது. இப்போது மருமகள் "சாப்பாடு எடுத்து வெச்சாச்சு" என்று கதவிடம் சொல்கிறாள். நான் "ரசம் இன்னும் கொஞ்சம் இருந்தா தேவலை" என்று சுவர்க் கடிகாரத்திடம் சொல்கிறேன்.

ஆகவே இன்று பேப்பரைப் பிரித்து, குவைத் செய்தியைக் கடிகாரத்துக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அடுப்படியில் ஏதோ பாத்திரம் விழுந்தது.

5 ஆகஸ்ட், ஞாயிறு

தகவல் இல்லை.

9 ஆகஸ்ட், வியாழன்

தொலைக்காட்சிச் செய்திக்காகக் காத்திருப்பதே வேலையாகிவிட்டது. ஒரு செய்திக்கும் அடுத்ததற்கும் நடுவில் மனிதன் என்ன செய்வது?

ஜனவரியில் லீவில் வந்தபோது இளவழகன் ஒரு கம்ப்யூட்டர் கொண்டுவந்தான். கம்ப்யூட்டர் என்றால் தடித்த ஒரு டைப்ரைட்டர் பலகை. ஒவ்வொரு பட்டனிலும் ஆங்கில எழுத்துக்குப் பக்கத்தில் அரபி எழுத்து. அதை டிவியில் செருக வேண்டும். விளையாட்டு கேசட்டில் இருக்கிறது. டேப் ரிக்கார்டரை அதனோடு இணைத்து ஓடவிட்டால், கீச்சென்று ஒரு சத்தம் நான்கு நிமிடம் வரும். பிறகு திரையில் ஒரு தீவு. அந்த நாற்பது நாளும் அவன் பெண்டாட்டிக்கு மட்டும் சொல்லிக்கொடுத்தான். நான் கூடத்து மூலையில் பேப்பர் படிப்பது போல இருந்து எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டேன்.

மருமகள் காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போவாள். இன்று அவள் போனதும் மெஷினைப் போட்டேன். மழைக்காலம், கோடை என்று மாறி மாறி வருகிறது. ஒவ்வொரு பருவத்துக்கும் கொஞ்சம் கல், கொஞ்சம் மரம் கிடைக்கும். அதை வைத்து வயலோ, வீடோ, கால்வாயோ, ஆஸ்பத்திரியோ கட்டலாம். ஜனங்கள் 212 பேர். ஒரு சாக்கடை கிடையாது! இவன் பெண்டாட்டிக்குச் சொல்லிக்கொடுத்த அழகு இதுதான். முதல் வேலையாக வடக்கிலிருந்து கடல்வரை ஒரு கால்வாய் வெட்டினேன். முடித்ததும் தீவை அதே கேசட்டில் பதிந்து வைத்தேன். அதற்கும் நான்கு நிமிடம். விளையாட்டும் தீவும் சேர்ந்தே பதியும்.

அவளையும் குவைத்துக்குக் கூட்டிப்போவதாகத்தான் பேச்சு. விசா கிடைக்கவில்லை என்றான். சாமர்த்தியம் போதாது. புருஷனும் பக்கத்தில் இல்லாமல், பேசாத ஒரு கிழவனோடு மாட்டிக்கொண்டதில் அவளுக்கு என்மேல் ஆத்திரம் இருக்கும். இருந்தால் தப்பில்லை.

10 ஆகஸ்ட், வெள்ளி

தீவின் மேற்குக் கரையில் கலங்கரை விளக்கம் ஒன்று முளைத்திருக்கிறது. நான் கட்டவில்லை. மெஷினே கட்டுமோ என்று கூட வந்த ஆங்கிலப் புத்தகத்தைப் புரட்டினேன். அப்படி எதுவும் இல்லை. இருபது கல் வீண். நம்மிடம் இருப்பது ஒரே ஒரு படகு!

சாயங்காலம் நான் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கப் போகும்போதுதான் இது நடந்திருக்க வேண்டும்.

14 ஆகஸ்ட், செவ்வாய்

கலங்கரை விளக்கத்தை இடித்துவிட்டு ஆஸ்பத்திரி கட்டினேன்.

15 ஆகஸ்ட், புதன்

மறுபடி கட்டியிருக்கிறாள். அதே மேற்குக் கரை. ஆனால் ஆஸ்பத்திரியைத் தொடவில்லை. என் கால்வாயைக் கிழக்கே நீட்டி, மேட்டுத் தெருவையும் அதில் சேர்த்திருக்கிறாள். நீரோட்டம் சரியாக இருக்கிறது. என்னிடம் வேலை பார்த்த மேஸ்திரிகளில் எவனுக்கும் இது வராது.

இது பற்றி இருவரும் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை. கடிகாரத்திடம் மட்டும், "வேலை தெரிஞ்சவங்க செஞ்சாப்ல இருக்கு" என்றேன். எதைச் சொன்னேன் என்று கடிகாரத்துக்குத் தெரியாது. சாப்பாட்டில் அப்பளம் ஒன்று கூடுதலாக இருந்தது.

22 ஆகஸ்ட், புதன்

பாலைவனத்தில் கூடாரம் போட்டு நம் ஆட்களை வைத்திருப்பதை டிவியில் காட்டினார்கள். அங்கிருந்து ஜோர்டானின் அம்மான் நகருக்குப் போய் விமானத்தில் பம்பாய் வருகிறார்களாம். நான் திரைக்கு ஒரு முழத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். மருமகள் எனக்குப் பின்னால் நின்று பார்த்தாள். படம் மாறியதும் உள்ளே போய்விட்டாள்.

தீவில் இன்று புயல். பதினோரு வீடு போனது. படகு தப்பியது. விளக்கம் இருந்தால் படகு தப்பும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. போட்டிருக்கட்டும்.

27 ஆகஸ்ட், திங்கள்

மூட்டுவலி. ஜனங்கள் 388 பேர். மேற்குக் கரையில் இரண்டாவது விளக்கம் ஒன்று நானே கட்டினேன். கல் மிச்சமிருந்தது, அவ்வளவுதான்.

3 செப்டம்பர், திங்கள்

பன்னிரண்டு மணிக்குக் கரண்டு நிறுத்துவோம் என்று லைன்மேன் காலையிலேயே சொல்லிவிட்டுப் போனான். பதினொன்றே முக்காலுக்குத் தீவைப் பதியலாம் என்று போனால், ரிக்கார்டர் கேசட்டின் நாடாவை இழுத்துக் குதறிவிட்டது. பேனாவைவிட்டுச் சுற்றிப் பார்த்தேன், அறுந்துவிட்டது. கரண்டு போனால் இருபத்தைந்து நாள் வேலை போய்விடும். 400 பேர்.

டேப் ரிக்கார்டர் பக்கத்தில் துணிப்பையில் ஒரு கேசட் இருந்தது. மேலே ஒன்றும் எழுதவில்லை. எதற்கும் போட்டுக் கேட்டேன். அரை நிமிடம் வெறும் இரைச்சல். காலிதான் என்று முதலுக்குச் சுற்றி அதில் பதிந்தேன். பதிந்து முடிக்கவும் கரண்டு போகவும் சரியாக இருந்தது. பெரிய காரியம் சாதித்த மாதிரி இருந்தது.

5 செப்டம்பர், புதன்

சாயங்காலம் நடக்கக் கிளம்பிக்கொண்டிருந்தேன். மருமகள் டேப் ரிக்கார்டரை அடுப்படிக்கு எடுத்துப் போனாள். எப்போதும் நான் வெளியே போன பிறகுதான் எடுப்பாள் போலிருக்கிறது. செருப்பின் வார் அறுந்ததால் இன்று எனக்கு நேரமாகிவிட்டது. அடுப்படியிலிருந்து கம்ப்யூட்டரின் கீச்சொலி கேட்டது. உடனே நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டது. மறுபடி நின்றது.

நான் நடக்கப் போகவில்லை.

குவைத்திலிருந்து இளவழகன் கடிதம் எழுத மாட்டான். கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர்கள் கையில் கொடுத்தனுப்புவான். எனக்கு வருவதில் "அப்பாவுக்கு" என்று எழுதியிருக்கும். போட்டவுடனே "அப்பா, நல்லாருக்கீங்களா" என்று பட்டாளத்து ஆள் போல ஆரம்பிப்பான். அவளுக்கு வருவதில் ஒன்றும் எழுதியிருக்காது என்பது எனக்கு எப்படித் தெரியும்? கடைசியாக வந்தது ஜூலையில். 

சாம்பாரில் உப்பு இல்லை. அவள் எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

6 செப்டம்பர், வியாழன்

தீவு நான் விட்ட இடத்திலேயே இருக்கிறது. அவள் தொடவில்லை. "அப்பாவுக்கு" கேசட் அன்று டேப் ரிக்கார்டர் பக்கத்திலேயே, கையெட்டும் தூரத்தில் இருந்தது. தீவை அதில் பதிந்திருக்கலாம்.

7 செப்டம்பர், வெள்ளி

தீவில் ஒன்றும் நடக்கவில்லை. மருமகள் வகுப்புக்குப் போனாள், வந்தாள். சாப்பாடு எடுத்து வைத்தாயிற்று என்று கதவிடம் சொன்னாள்.

என் பையன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாத நேரத்தில், அவளிடம் இருந்த அவன் குரலை நான் அழித்துவிட்டேன். நேற்றும் முந்தாநாளும் இதை எழுதாமல் விட்டேன். இப்போது எழுதிவிட்டேன்.

8 செப்டம்பர், சனி

காலையில் அவள் வெளியே போனதும் அந்தக் கேசட்டை முழுதும் ஓடவிட்டுப் பார்த்தேன். நான்கு நிமிடம் கீச்சொலி. அது தீவு. அது முடிந்ததும் ஒரு சொடுக்குச் சத்தம், உடனே அவன் குரல், ஒரு வாக்கியத்தின் நடுவிலிருந்து. முழுதும் போகவில்லை!

மகன் மருமகளிடம் பேசுவதைக் கேட்பது தவறு. பட்டனில் விரலை வைத்தேன், ஆனால் அழுத்துவதற்குள் இவ்வளவு காதில் விழுந்துவிட்டது:

"...அப்பா தனியாயிடுவாருன்னுதான் நீ வரமாட்டேங்கிற, எனக்குத் தெரியும். போன தடவை விசா வந்து வீணாப் போச்சு. அவருகிட்ட சொல்லாதீங்கன்ன, நானும் சொல்லல. ஆனா எத்தன நாளைக்கு மங்கை இப்படி?"

நிறுத்திவிட்டேன்.

விசா கிடைக்கவில்லை என்றுதான் என்னிடம் சொன்னார்கள். சாமர்த்தியம் போதாது என்று நானும் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பேசாத கிழவன் ஒருவனுக்காக அந்தப் பெண் கதவிடம் பேசிக்கொண்டு இங்கே இருந்திருக்கிறாள்.

பன்னிரண்டு மணிக்கு அவள் வந்ததும் அடுப்படி வாசலில் போய் நின்றேன். கடிகாரம் கூடத்தில் இருக்கிறது. அவளைப் பார்த்தே பேசினேன்.

"மங்கை."

முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரோரமாக ஒதுங்கினாள்.

"அந்தக் கேசட்டுல தீவைப் பதிஞ்சது நான்தான்மா. காலின்னு நெனச்சேன். தெரியாமப் பண்ணிட்டேன்."

"தெரியும் மாமா" என்றாள். தரையைப் பார்த்துச் சொன்னாலும் என்னிடம்தான் சொன்னாள். இந்த வீட்டில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

"ஏன் கேக்கல?"

"கேட்டா நீங்க சாப்பிட மாட்டீங்க."

"முழுசாப் போகல. முன்னாடி நாலு நிமிஷம்தான் போயிருக்கு. அது இனிமே வராது" என்றேன்.

அவள் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். மீதி இருப்பது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. கீச்சொலியைக் கேட்டதும் எல்லாம் போயிற்றென்று நிறுத்திவிட்டிருக்கிறாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரித்தாள் என்றுகூடச் சொல்லலாம்.

"அந்த நாலு நிமிஷம் எனக்கு மனப்பாடம் மாமா. எத்தன தடவ கேட்டிருப்பேன். சொல்லட்டா?"

கூடத்தில் கம்ப்யூட்டருக்கு முன்னால் இருக்கும் நாற்காலியைக் காட்டி, உட்கார் என்றேன். மாட்டேன் என்றாள். "நீ நின்னுக்கிட்டேதானே இத்தன நாளா வெளையாடுன? மெஷினுக்குப் பக்கத்துல நாற்காலி நகர்ந்ததே இல்ல. உக்காரும்மா" என்றேன். நான் இல்லாதபோதும் என் நாற்காலியில் அவள் உட்கார்ந்ததில்லை. இன்று விளிம்பில் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தவள் பேசவில்லை. அரை நிமிடம் போயிற்று. மறந்துவிட்டதோ என்று பார்த்தேன். "மொதல்ல இப்படித்தான் மாமா சும்மா இருப்பாரு. பேச வராது அவருக்கு. ஏ.சி. சத்தம் மட்டும் கேக்கும்" என்றாள். அந்த அரை நிமிடத்தைத்தான் நான் காலி என்று நினைத்திருக்கிறேன்.

பிறகு சொன்னாள். அவன் இருமும் இடத்தில் இருமினாள். ஜமால் வைத்த ரசம் வாயில் வைக்க முடியவில்லை. வெயில் நூற்றுப் பதினெட்டு டிகிரி. மாடியில் வளர்த்த துளசி பட்டுப்போயிற்று. அப்பாவுக்கு மூட்டுவலித் தைலம் வாங்கியிருக்கிறேன், நான் வாங்கினதாகச் சொல்லாதே, சொன்னால் வீண்செலவு என்று திட்டுவார். நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி, முகம் சிவந்து, "இந்த எடம் வேணாம் மாமா" என்று தாண்டிப் போனாள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடித்ததும், "விசா வந்துச்சாமே?" என்று கேட்டேன்.

அவள் திடுக்கிட்டாள்.

"ஒரு வரிதான் கேட்டேன். அதுக்கு மேல கேக்கல, சத்தியமா."

"அத்தை போறப்ப உங்களப் பாத்துக்கச் சொன்னாங்க" என்றாள். பிறகு, "அதுக்காக மட்டும் இல்ல. நீங்க கடிகாரத்துக்கிட்ட பேசறது கேக்க நல்லாருக்கும் மாமா" என்றாள்.

நான் அழுதேன். எழுபதை நெருங்குகிறவன் அழுததை எழுதி வைப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

9 செப்டம்பர், ஞாயிறு

புது கேசட் வாங்கித் தீவை அதற்கு மாற்றினோம். கேசட்டின் முதுகில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சின்ன பிளாஸ்டிக் துண்டு இருக்கிறது. அதை உடைத்துவிட்டால் அந்தப் பக்கத்தில் மேற்கொண்டு யாரும் பதிய முடியாதாம். மங்கை காட்டினாள். "உங்க பையன் ஒவ்வொரு தடவையும் மறந்துடுவாரு மாமா." இளவழகன் கேசட்டின் துண்டை அவளே உடைத்தாள்.

13 செப்டம்பர், வியாழன்

ஹாஜா ஓடிவந்தார். ஜமால் பம்பாய் வந்து சேர்ந்து போன் செய்திருக்கிறான். அவனும் இளவழகனும் ஒரே பஸ்ஸில் பாலைவனம்வரை வந்தார்களாம். எல்லைக் கூடாரத்தில் கூட்டத்தில் பிரிந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஜமால் அவனைப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் இருந்தவரை உயிரோடு இருந்திருக்கிறான். மங்கை அதைக் கேட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

14 செப்டம்பர், வெள்ளி

ஐந்தாவது விளக்கம் கட்டினோம். கல் தீர்ந்துவிட்டது. வயலுக்குக் கால்வாய் வெட்ட வழியில்லை. பரவாயில்லை.

18 செப்டம்பர், செவ்வாய்

ஒன்றும் இல்லை. அவள் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டால்தான் சாப்பிடுவாள் என்பதால் இரண்டு முறை சாப்பிட்டேன்.

24 செப்டம்பர், திங்கள்

வந்துவிட்டான்.

தந்தி கொடுத்தானாம். எங்களுக்கு வரவில்லை. மத்தியானம் மூன்று மணி இருக்கும். நானும் மங்கையும் சந்தைத் தெருவில் கால்வாயை எந்தப் பக்கம் திருப்புவது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். "அங்க மேடு மாமா, தண்ணி எப்படி ஏறும்? முப்பத்தோரு வருஷம் என்னதான் பாத்தீங்க?" என்று அவள் கத்தினாள். "நாற்காலில உக்காந்தவுடனே வாய் வந்துடுச்சு பாரு" என்று நானும் கத்தினேன்.

வாசலில் யாரோ நிற்பது போலிருந்தது. ஒரு தாடி, ஒரு துணிப்பை, காலில் ஒன்றுக்கொன்று பொருந்தாத இரண்டு செருப்பு. உள்ளே வராமல் வாயைப் பிளந்து நின்றான்.

"ரெண்டு பேரும் பேசிக்கிறீங்களா?" என்றான்.

பாலைவனத்திலிருந்து தப்பி வந்தவன் கேட்ட முதல் கேள்வி அது. மங்கை எழுந்து ஓடினாள். நான் இருக்கிறேன் என்பதெல்லாம் அவளுக்கு நினைவில்லை. நான் திரும்பிக்கொண்டு தீவைப் பார்த்தேன். எழுத்து எதுவும் தெரியவில்லை, ஒரே நீலமாக இருந்தது.

தைலத்தைக் கொண்டுவர முடியவில்லை அப்பா என்றான். வீண்செலவு என்று திட்டினேன்.

14 ஏப்ரல் 1991, ஞாயிறு

வருடப் பிறப்பு. இளவழகனுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்திருக்கிறது. குடும்ப விசாவும் தருகிறார்கள். மங்கை வரமாட்டேன் என்றாள். காரணமாக என் மூட்டு, என் ரத்தக்கொதிப்பு, பால்காரன் ஏமாற்றுவான் என்று நீளமாக ஒரு பட்டியல் சொன்னாள்.

"மங்கை, நான் சொல்றேன், நீ போ" என்றேன். 

"உங்களை யாரு பாத்துக்கறது?"

"கடிகாரம் இருக்கு."

அவள் சிரிக்கவில்லை. "போன தடவ எனக்குத் தெரியாம இருந்தே. இந்தத் தடவ எனக்குத் தெரியும். தெரிஞ்சும் உன்னை இருக்க வெச்சா, சௌந்தரம் என்னை மன்னிக்க மாட்டா" என்றேன். சாயங்காலம்வரை பேசவில்லை. பழைய வீடு போலிருந்தது. இருட்டும் நேரத்தில் வந்து, "தீவு?" என்று மட்டும் கேட்டாள்.

16 ஜூன், ஞாயிறு

இருவரையும் வண்டி ஏற்றிவிட்டு வந்தேன். கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன். அதனிடம் பேச ஒன்றும் தோன்றவில்லை.

8 ஜூலை, திங்கள்

தூறல். குழாயில் இன்று முக்கால் மணி தண்ணீர்.

மஸ்கட்டில் இதே மெஷின் ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறார்களாம். கடிதம் வந்தது. உடனே புது கேசட் வாங்கிவந்தேன். ஏ பக்கத்தில் தீவைப் பதிந்தேன். சந்தைத் தெருக் கால்வாயை அவள் சொன்னபடியே திருப்பிவிட்டிருக்கிறேன், பார்த்தால் தெரிந்துகொள்வாள். ஜனங்கள் 640 பேர். கிழக்குக் கரையில் புதிதாக ஒரு விளக்கம். மஸ்கட்டிலிருந்து பார்த்தால் நான் இருப்பது கிழக்கு.

பி பக்கத்தில் பேசலாம் என்று பட்டனை அழுத்தினேன். பேச்சு வரவில்லை. அரை நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன். மழைச் சத்தமும் கடிகாரச் சத்தமும் பதிவாகியிருக்கும். அதை அழிக்கவில்லை. காலி என்று அவள் நினைக்க மாட்டாள். பிறகு, "மங்கை, மாமா பேசறேம்மா" என்று ஆரம்பித்தேன். அரை மணி நேரம் பேசியிருக்கிறேன்.

ஏ பக்கத்துத் துண்டை அப்படியே விட்டேன். அவள் ஆட்டத்தை அதில் பதிந்து திருப்பி அனுப்ப வேண்டும். பி பக்கத்துத் துண்டைப் பேனாக்கத்தியால் உடைத்தேன். தபால் நிலையம் பத்து மணிக்குத் திறக்கும்.